பீலி சூடிய படைக்கலம்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த கூலிம் நகரை அடுத்து, 1996-ஆம் ஆண்டில் ஹைடெக் பூங்கா திறக்கப்பெற்றது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று அங்குள்ள மின்னணு ஆலைகளிலே பணிபுரிகின்றனர். முன்னைத் தலைமுறையார் கைக்குப் பழகியவை பால்வெட்டும் கத்தியும் பாராங் கத்தியுமே. இன்றோ, மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, இடைக்கால வாள்களைப் போலச் செய்த நகல் வாள்களை வாங்கிக் கூடத்துச் சுவரில் மாட்டி மகிழ்வாரும் உளர். ஐரோப்பிய வீரரின் வாளும் உண்டு; 'சோழர் வாள்' என்று பெயர் சூட்டப்பெற்றதும் உண்டு. இவர்களைக் கண்டு நகைப்போர் உடனே எடுத்தாளும் பாட்டு ஒன்று தமிழில் இருக்கின்றது. அந்தப் பாட்டு உண்மையில் என்ன சொல்கிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

அது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். ஔவையார் அவனை இகழவில்லை; கண்டதைச் சொன்னார். உன் படைக்கலங்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன. எம் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனுடைய சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்பது அவர் கூறியதன் கருத்து. வகுப்பறையில் இதற்கு ஒரே விளக்கந்தான் வழங்கி வருகின்றது: இது புகழ்வது போல இகழ்தல், பளபளக்கும் படை போர் காணாத படை, தொண்டைமான் தலை குனிந்தான். மாணாக்கரும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். விளக்கம் பிழையன்று, ஆயினும் பாட்டின் பாதியை அது வெளியே விட்டுவிடுகின்றது.

முதலில் நெய்யை எடுத்துக்கொள்வோம். நெய் பூசுவது வெறும் அலங்காரம் என்று கருதுவோர் இரும்பைப் பேணி அறியாதவர். மலிவான நகல் வாள் துருவேறா எஃகால் ஆவது. அது என்றும் மின்னும். ஆனால் நீண்ட அலகுக்கு அவ்வெஃகு ஏற்றதன்று. போதாக்குறைக்கு, பிடிக்குள் நுழையும் அலகின் வால்பகுதி மெல்லிய கம்பியாக ஒட்ட வைக்கப்பட்டிருக்கும். ஓங்கி வீசினால் அலகு பிடியை விட்டுப் பறந்துவிடும். நல்ல நகல் வாளோ கரி கலந்த எஃகால் ஆனது, நூற்றுக்கு 0.6 பங்கு அளவு கரி சேர்ந்தாலே அலகு விறைப்பும் வளைவும் ஒருங்கே பெறும். அலகும் வாலும் ஒரே இரும்பாக இருக்கும். வாலின் முனை குமிழைத் துளைத்து வெளியே வந்து அடித்து மடக்கப்பட்டிருக்கும். இத்தகைய வாளுக்குத் துருவே பகை. கூலிமின் ஈரக்காற்றில் எண்ணெய் காட்டாது விட்ட வாள் சில நாளில் செம்புள்ளி கொள்ளும். ஆகவே நெய் பூசியிருந்தது என்பதிலிருந்து தொண்டைமானின் படை மெய்யான இரும்பு என்பதும் பெறப்படுகின்றது. அது அட்டைக்கத்தி அன்று. ஔவையார் அவன் படையைப் போலி என்று ஓரிடத்தும் சொல்லவில்லை.

அப்படியானால் குத்தல் எங்கே இருக்கின்றது? பீலியில் இருக்கின்றது எனலாம். இதே ஔவையார், அதியமான் இறந்தபின் பாடிய கையறுநிலைப் பாட்டு அதே தொகையில் 232-ஆவதாக உள்ளது. அதிலும் பீலி வருகின்றது. ஆனால் அங்கே அது சூட்டப்படுவது படைக்கலத்துக்கு அன்று, இறந்தவனுக்கு நட்ட கல்லுக்கு. மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், சிறு கலத்தில் உகுக்கும் கள்ளைக் கொள்வானோ என்று புலவர் அங்கே நெஞ்சு வெடிக்கக் கேட்கின்றார். நடுகல்லுக்குப் பீலியும் மாலையும் அணிவது அக்கால வழக்கம் என்பதற்கு 264-ஆம் பாட்டும் சான்று. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குத் தொண்டைமானின் கொட்டில் வேறொரு தோற்றம் கொள்கின்றது. இறந்த வீரனுக்குரிய சிறப்பை இன்னும் களம் காணாத படைக்கலத்துக்குச் செய்து வைத்திருக்கின்றான் அவன். வேலுக்குப் பீலி அணிதலும் உண்டே, இது வலிந்து கொண்ட பொருள் அன்றோ என்று கேட்கலாம். கேட்பது நேர்மையே. ஆயினும் பீலியும் மாலையும் முன்னே வர, காவல் மிக்க இடம் பின்னே வருகின்றது. வழிபடும் பொருளுக்குரியவை இவை. கையாளும் பொருளுக்கு இத்தனையும் வேண்டுவதில்லை.

இனிக் கொல்லன் கொட்டிலைப் பார்ப்போம். ஆசிரியர் பலர் அதை வெறும் எதிர்மறையாகக் கடந்து விடுகின்றனர். பாட்டில் வேலை நடக்கும் இடம் அது ஒன்றே என்பதை மறத்தல் ஆகாது. உலையும் சம்மட்டியும் இந்த மண்ணுக்கும் புதியன அல்ல. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த கெடாவின் சுங்கை பத்துவில் இரும்புருக்கிய உலைகளின் எச்சங்களும் காற்றூதும் மண்குழாய்களும் வெளிப்பட்டுள்ளன. கடாரம் என்றவுடன் இராசேந்திரன் 1025-இல் அனுப்பிய படையை நினைப்பவர்கள் இந்த உலைகளையும் நினைத்தல் நன்று.

நகல் வாள் சேர்ப்போருள் இருவகையினர் உண்டு. வாங்கியதை மாட்டி வைப்போர் ஒருவகை. வாங்கியதைப் பிரித்துத் திருத்துவோர் மற்றொரு வகை. பின்னவர் தடித்த குறுக்குக் காப்பை அரத்தால் மெலிவிப்பர். பிடியின் தோலை அகற்றி நூல் சுற்றி மீண்டும் தோலிடுவர். குமிழின் எடையை மாற்றி வாளின் சமநிலையைக் கைக்குக் கொண்டு வருவர். இவர்களுக்கு அறிவு நூல் துணையும் உண்டு. ஐரோப்பிய இடைக்கால வாள்களை 10 முதல் 22 வரை எண்ணிட்டு வகுத்த ஆங்கிலேயர் ஈவர்ட் ஓக்‌ஷாட்டின் பகுப்பே உலகெங்கும் இத்துறையினர் பேசும் மொழி. நகல் வாள் தொழிலில் இந்தியாவின் பங்கும் சிறிதன்று. 1943-இல் தேராதூனில் தொடங்கப்பெற்ற விண்ட்லாஸ் நிறுவனத்தின் வாள்கள் மேலைநாட்டார் வீடுகளில் தொங்குகின்றன. திருத்துவோர் செயலில் ஓர் இழுக்கும் நேர்வதுண்டு. புது வாளைக் காடியிலும் அமிலத்திலும் ஊறவைத்துப் பழையதாக்குவதும், கூர்வாயில் வேண்டுமென்றே வெட்டுத் தழும்பு இடுவதும் சிலருக்கு விருப்பம். பீலி சூடிய வேலைக் கண்ட ஔவையார் நயமாகவே பேசினார். குத்தாமலே நுனி சிதைத்துக் கொல்லனிடம் கிடத்திய வேலைக் கண்டிருந்தால் அந்த நயம் இருந்திருக்குமா என்பது ஐயமே.

மாற்றியமைத்தல் தமிழர்க்குப் பழைய தொழில். தஞ்சை அரண்மனைப் படைக்கலச்சாலையிலிருந்து வந்த குத்துவாள்கள் பலவற்றில் பிடி தமிழ்நாட்டு வேலைப்பாடு. அலகோ கடல் கடந்து வந்த ஐரோப்பிய வாளின் துண்டு. ஐரோப்பிய அலகு பூட்டிய வாளுக்குத் தக்காணத்தில் 'பிரங்கி' என்றே பெயர். வந்த இரும்பைத் தம் கைக்கும் போருக்கும் ஏற்பத் திருத்திய அக்கொல்லர்கள் எவரையும் ஏய்க்க எண்ணியவர்கள் அல்லர். 1855-இல் தஞ்சை மரபு ஆண் வாரிசின்றி முடிந்தபின் அச்சாலை கலைந்தது; ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தது. அங்கே அவை இன்று கண்ணாடிக்குள் காவலோடு இருக்கின்றன. தொண்டைமான் கொட்டிலின் நிலைதான். எனினும் அவற்றைத் தொண்டைமான் படை என்று எவரும் சொல்லார்.

'சோழர் வாள்' செய்விக்க விழைவோருக்கு ஒரு சொல்: தேடவேண்டிய இடம் திரைப்படம் அன்று. செங்கத்திலும், அதியமான் ஆண்ட தகடூராகிய தருமபுரிப் பகுதியிலும் உள்ள நடுகற்களில் வாளேந்திய வீரர் உருவங்கள் பல உள்ளன. செங்கம் நடுகற்கள் 1972-இல் நூலாகவும் வெளிவந்தன. அலகின் அகலம், வளைவு, பிடியின் அமைப்பு யாவும் அங்கே கல்லில் கிடக்கின்றன. வாங்கிய பின் அதைத் தெருவில் ஏந்திச் செல்ல எண்ணுவோர் தாக்கும் ஆயுதங்கள் பற்றிய 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தோட்டத்துக் கோயில் முனியாண்டி முன் ஊன்றிய அரிவாள்களைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அவையும் எதையும் வெட்டாதவை. எலுமிச்சம்பழம் நுனியில் செருகப்பெற்றவை. ஆயினும் அவற்றைப் பார்த்து நகைப்பவர் இல்லை. அவை நேர்ந்துகொண்டவனின் வாக்கு. அவற்றின் வேலை அங்கே நிற்பதுதான்.

இறுதியாக ஒன்று. இப்பாட்டில் வாளே இல்லை. பாட்டு முழுவதும் வேலைப் பற்றியது. வேல் என்ற சொல்லோடேயே முடிகின்றது. அப்படியிருந்தும் புறநானூற்றில் இதற்கு இட்டுள்ள துறை வாண்மங்கலம். வாளை நீராட்டி வாழ்த்தும் துறையிலே, வாழ்த்தப் பெறுவது நுனி சிதைந்த வேல். அவ்வேலுக்கு உரியவனைச் சுட்டுமிடத்துப் புலவர் அவன் வெற்றிகளை அடுக்கவில்லை. இருக்கும்போது கொடுப்பவன், இல்லாதபோது இருப்பதைக் கூடவிருந்து உண்பவன், ஏழைச் சுற்றத்தின் தலைவன் என்றே சுட்டுகின்றார். இந்த அடிகளைத் தேர்வுக்கு வேண்டாதன என்று விட்டுவிட்டு, பளபளப்புக்கும் முறிவுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கற்பிப்பது பெருங்குறை. 95-க்கும் 232-க்கும் இடையே 136 பாட்டுகள் உள்ளன. மேல்வகுப்பில் இரண்டையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பித்துப் பார்க்கலாம். பீலி எங்கே போய்ச் சேர்ந்தது என்று மாணாக்கரையே கேட்கலாம்.