மகிழடியில் மறைந்த சாட்சி

காசிமேட்டிலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால், சில கல் தொலைவிலே திருவொற்றியூர். அவ்வூர்த் தியாகராயர் கோயிலிலே ஆண்டுதோறும் மாசித் திங்களில் ‘மகிழடி சேவை’ என்னும் விழா நடைபெறுகிறது. சுந்தரர், சங்கிலியாரை மணக்கும்பொருட்டு மகிழமரத்தடியிலே செய்து கொடுத்த சத்தியத்தை நினைவூட்டும் விழா அது. மக்கள் திரள்கின்றனர். மகளுக்கு மணம் கைகூட வேண்டுமே என்ற கவலையோடு தாய்மார் வருகின்றனர். மணமான பெண்கள் தம் இல்லறம் நிலைக்க வேண்டுமென்று கைகூப்புகின்றனர். விழா கண்டு திரும்பும்போது நெஞ்சிலே ஒரு தெம்பு, முகத்திலே ஒரு தெளிவு!

அந்தத் தெம்பைக் கண்டு நாம் நகைக்கவில்லை. நாள் முழுதும் வெயிலிலும் உப்புக் காற்றிலும் உழைக்கும் மக்களுக்கு, நெஞ்சு நிமிர ஓர் இடம் வேண்டும். நாலுபேர் கூடும் நாள் வேண்டும். ஆனால், எந்தக் கதையின் முன்னே அவர்கள் கைகூப்புகின்றனர்? இல்லறம் சிறக்க வேண்டும் என வேண்டி நிற்கும் பெண்ணுக்கு அந்தக் கதை தரும் விடை என்ன? இதை ஆராய வேண்டுவது பகுத்தறிவாளர் கடமை.

கதை இருக்குமிடம் பெரியபுராணம். 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் யாத்த ஏடு. சுந்தரர் வாழ்விலே மூன்று மணங்களை அது பேசுகிறது. மூன்றையும் வரிசையாக நிறுத்திப் பார்ப்போம்.

முதல் மணம் புத்தூரிலே. பந்தல் போட்டாயிற்று, சுற்றம் கூடிற்று, மணமகனும் வந்து அமர்ந்தான். அப்போது ஆண்டவன் முதியவர் வடிவிலே வந்து, ‘இவன் எனக்கு அடிமை’ என்று ஓலை காட்டி வழக்காடுகிறான். மணம் நின்றது. மாப்பிள்ளை தம்பிரான் தோழரானார். மணப்பெண்? சடங்கவி சிவாச்சாரியாரின் மகள் என்பதைத் தவிர, அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை! வராத கணவனையே நினைந்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று கூறி, புராணம் அவளை வழியனுப்பி விடுகிறது. மணவறை வரை வந்த ஒரு பெண்ணின் வாழ்வு, பக்திக் காவியத்தின் முதற்படியிலே நசுங்கிப்போன மலர்.

இரண்டாவது, திருவாரூரில் பரவையார். மூன்றாவது, திருவொற்றியூரில் சங்கிலியார். ஞாயிறு என்னும் ஊரிலே பிறந்து, ஒற்றியூர்க் கன்னிமாடத்திலே தங்கி, கோயிலுக்கு மாலை தொடுத்து வாழ்ந்த பெண். கண்டார் சுந்தரர், காதல் கொண்டார், ஆண்டவனிடமே தூது கேட்டார். ஆண்டவனும் சங்கிலியின் கனவிலே தோன்றிப் பெண் கேட்கிறான்!

இங்கேதான் சங்கிலியார் நம் உள்ளங்கவர்கிறார். ‘ஆண்டவன் ஆணை’ என்று அவர் தலைகுனிந்து விடவில்லை. திருவாரூரிலே மகிழ்ந்திருப்பவராயிற்றே அவர் என்று நினைவூட்டுகிறார். தன் எதிர்காலத்தை எண்ணிக் கேள்வி கேட்கும் பெண்ணை அந்த ஏட்டிலே காண்கிறோம். பிரியமாட்டேன் என்று உறுதி செய்து தருவான் எனச் சொல்லி, ஆண்டவன் அவரை இணங்க வைக்கிறான்.

பிறகு நடந்தது என்ன? சுந்தரர் ஆண்டவனிடமே செல்கிறார். ‘நான் கருவறை முன்னே சத்தியம் செய்யும்போது, நீர் அங்கே இராமல் மகிழமரத்தடிக்குப் போய்விடும்’ என்று வேண்டுகிறார். பொய்ச் சத்தியம் செய்ய வழி தேடுகிறார். சாட்சியை இடம் மாறச் சொல்கிறார். ஆண்டவனும் இசைகிறான்! இசைந்தவன் மறுபடியும் சங்கிலியின் கனவிலே வந்து, ‘சத்தியத்தை மகிழடியிலே கேள்’ என்று சொல்லி வைக்கிறான். மறுநாள் தோழியர் அவ்வாறே கேட்க, சுந்தரர் திகைத்து, வேறு வழியின்றி மகிழடியிலே சத்தியம் செய்கிறார். வசந்தம் வந்தது, ஆரூர் நினைவு வந்தது, புறப்பட்டு விட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண்ணொளி போயிற்று.

‘பார்த்தீர்களா, சத்தியம் தவறியவனைத் தண்டித்தானே!’ என்பர் பக்தர். தண்டனை எதுவரை? காஞ்சியிலே ஒரு கண் வந்தது. திருவாரூரிலே மறு கண்ணும் வந்தது. ஒற்றியூருக்குத் திரும்பிச் சென்று, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிப் பெற்ற கண்ணல்ல அது. பாடிப் பெற்ற கண்! குற்றம் செய்யப்பட்டது சங்கிலிக்கு. மன்னிப்பு வழங்கியது ஆண்டவன். பாதிக்கப்பட்டவளைக் கேட்காமலே வழக்கு முடிந்தது. இதுவா நீதி?

‘முற்பிறப்பிலே கயிலையிலிருந்த கமலினியும் அநிந்திதையுமே பரவையும் சங்கிலியும், எல்லாம் திருவிளையாடல்’ என்று இன்னொரு சமாதானம் உண்டு. இந்தப் பிறப்பிலே கண்ணீர் விட்டவளுக்கு, முற்பிறப்புக் கணக்கைக் காட்டுவது ஆறுதலன்று, வாயடைப்பு.

இன்னும் வியப்பு ஒன்று. சங்கிலியார் கதை இடம்பெறுவது ஏயர்கோன் கலிக்காமர் புராணத்திலே. சுந்தரர்மீது கடுஞ்சினம் கொண்டவர் கலிக்காமர். எதற்காக? பிணங்கியிருந்த பரவையிடம் ஆண்டவனையே தூது அனுப்பினாரே, அதற்காக! ஆண்டவன் கால் நோக நடந்தானே என்று கொதித்தவர் உண்டு. இரண்டு பெண்களின் நெஞ்சு நொந்ததே என்று கொதித்தவர் ஒருவரும் இல்லை.

1943இல் அறிஞர் அண்ணா, கம்பராமாயணமும் பெரியபுராணமும் குறித்து இரா. பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையிலே சொற்போர் நிகழ்த்தினார். கலையழகு வேறு, அக்கலை மக்களுக்கு ஊட்டும் கருத்து வேறு என்னும் அளவுகோலை அந்தச் சொற்போர் தமிழ்நாட்டுக்குத் தந்தது. சேக்கிழாரின் தமிழ் இனிமை நமக்கும் இனிமையே. இல்லறத்துக்கு வழிகாட்டியாக அவர் கதையை ஏற்பதற்கு மட்டுமே மறுப்பு.

கதைக்கு எதிரே சட்டத்தை வைத்துப் பார்ப்போம். ஒருவனுக்கு ஒருத்தி என்பதை 1949இல் சென்னை மாகாணம் இந்துக்களுக்குச் சட்டமாக்கிற்று. 1955இல் இந்தியா முழுமைக்கும் அது வந்தது. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்திலே பெரியார் சுயமரியாதைத் திருமணத்தைத் தொடங்கி வைத்தார். 1953இல் உயர்நீதிமன்றம் அத்தகைய மணம் செல்லாது என்றது. 1967இல் அண்ணாவின் அரசு சட்டம் இயற்றி, அதைச் செல்லுபடியாக்கிற்று. அச்சட்டம் கேட்பதென்ன? இருவரும் தமக்குப் புரியும் மொழியிலே, உற்றார் நண்பர் முன்னிலையிலே, ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்ல வேண்டும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்ற வேண்டும். அல்லது தாலி கட்ட வேண்டும். அவ்வளவே! கனவிலே வரும் தூது வேண்டாம். இடம் மாறும் சாட்சி வேண்டாம். மகிழடியிலே சங்கிலிக்குக் கிட்டாத சாட்சி இங்கே எதிரிலே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறது. பெருங்கூட்டத்தைக் கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023இல் உச்சநீதிமன்றம் விளக்கிற்று. எதிர்ப்புக்கு அஞ்சி ஒளியும் காதலர்க்கு அது அரண்.

எனினும், கூட்டம் தரும் எழுச்சியை நாம் இழந்துவிடலாகாது. அது கோயிலுக்கு மட்டுமே சொந்தமன்று. 1949 செப்டம்பர் 18இல், இதே இராயபுரத்து ராபின்சன் பூங்காவிலே, கொட்டும் மழையிலே மக்கள் நின்றனர். திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்க விழா அது. அங்கே தேரில்லை, தீபமில்லை. எழுச்சி இருந்தது! மீனவர் குடியிலே பிறந்த சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையிலே மே நாள் கொண்டாடியபோது, உழைப்பாளரின் நெஞ்சை நிமிர்த்தியது எந்த மந்திரம்? திருவொற்றியூர்க் கோயிலுக்கு நாள்தோறும் நடந்த வள்ளலாரும் அங்கே பெற்ற உருக்கத்தை அங்கேயே விட்டுவிடவில்லை. 1867இல் வடலூரிலே பசித்தவர்க்கு அடுப்பு மூட்டினார்.

ஆகவே, இளைஞர்களே! மகிழடிக்குப் போகும் அன்னையரிடம் ஏளனத்தோடு பேசாதீர். சங்கிலியின் கதையை முழுதும் எடுத்துச் சொல்லுங்கள்; ‘அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று?’ என்று கேளுங்கள். கணவன் விட்டுச் சென்ற பெண் காசிமேட்டிலும் உண்டு, தண்டையார்பேட்டையிலும் உண்டு. விடை அவர்களுக்கே தெரியும்.

நம் மேடைகளையும் சற்றுத் திருத்துங்கள். தலைவர்கள் மணிக்கணக்கிலே முழங்க, மணமகள் ஒரு சொல்லும் பேசாமல் நின்று திரும்பும் சீர்திருத்தத் திருமணங்கள் நடக்கின்றன. ஐயர் இல்லை என்பது மட்டுமே சீர்திருத்தமாகுமா? பெண் பருவமெய்தியதை ஊரறியப் பதாகை கட்டிக் கொண்டாடிவிட்டு, அதிலே தலைவர் படத்தைப் போடுவதால் அது பகுத்தறிவு விழா ஆகுமா? மணமகள் வாய்திறந்து, ‘இவரை ஏற்கிறேன், இன்ன உரிமையோடு வாழ்வேன்’ என்று சொல்லட்டும். மணமகன் அதற்கு விடை சொல்லட்டும். கூடியிருப்போர் சாட்சியாக இருக்கட்டும். நாளை அவளுக்கு ஒரு தீங்கு நேரின், அந்தச் சாட்சிகள் எழுந்து வந்து நிற்கட்டும்.