அறையும் அறிவும்: செல்லரின் ‘தந்தை’ மேடையிலும் திரையிலும்

ஒரு நாடகம் பிறந்த மொழியை விட்டுப் பிறமொழிக்குச் செல்லும்போதும், மேடையை விட்டுத் திரைக்குச் செல்லும்போதும், எதனைக் கைவிடலாம், எதனைக் கைவிடலாகாது என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவிற்கு விடை காணப் பிரெஞ்சு நாடகாசிரியர் ஃபுளோரியன் செல்லரின் ‘தந்தை’ தக்கதொரு சான்றாகும். இதனை இருவர் வெவ்வேறு வகையில் திரைக்குக் கொணர்ந்துள்ளமையின், ஒப்பிட்டு ஆராய்தல் எளிதாகின்றது.

2012ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் எபெர்த்தோ அரங்கில், ராபேர் ஹிர்ஷ் தந்தையாக நடிக்க, இந்நாடகம் முதன்முதல் மேடையேறியது. கிறிஸ்டோபர் ஹாம்ப்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் இங்கிலாந்தின் பாத் நகரிலும், அடுத்த ஆண்டில் இலண்டனிலும், 2016இல் நியூயார்க்கிலும் நடிக்கப்பெற்றது. இங்கிலாந்தில் நடித்த கென்னத் கிரானம் ஒலிவியர் விருதும், நியூயார்க்கில் நடித்த பிராங்க் லாஞ்செல்லா டோனி விருதும் பெற்றனர்.

கதை சிறிது. ஆந்திரே மறதிநோயால் நலியும் முதியவர். அவரைப் பேணுபவள் மகள் ஆன். இத்தகைய கதையைப் புறத்தே நின்று இரக்கத்தோடு நோக்குதலே பெருவழக்கு. செல்லரோ முதியவர் காண்பதையே அவையோரும் காணுமாறு நாடகத்தை அமைத்தார். ஒரு காட்சியில் ஒரு நடிகை மகளாக வருகின்றாள். பிறிதொரு காட்சியில் வேறொருத்தி வந்து தன்னையே மகள் என்கின்றாள். முன்னர்க் கேட்ட உரையாடல் மீண்டும் கேட்கின்றது. காலம் முன்பின்னாகப் பிறழ்கின்றது. காட்சிதோறும் அறையிலுள்ள பொருள்கள் குறைந்துகொண்டே வந்து, இறுதியில் வெற்றிடமே எஞ்சுகின்றது. முதியவர் இழப்பதை அவையோர் கேட்டறிவதில்லை. கண்முன்னே தாமும் இழக்கின்றனர். இதுவே இந்நாடகத்தின் உயிர்நிலை என்க.

2015இல் பிலிப் லெ கே இந்நாடகத்தைத் தழுவி ‘ஃபுளோரிட்’ என்னும் படத்தை இயக்கினார். முதியவராக ழான் ரோஷ்ஃபோர் நடித்தார். நாடகத்தின் நான்கு சுவர்களுக்குள் படம் அடங்கவில்லை. வேறோர் ஊரும், புளோரிடா நோக்கிய வானூர்திப் பயணமும் அதில் இடம்பெற்றன. திரைப்படம் பல இடங்களையும் காட்ட வல்லது. ஆதலின் நாடகத்தை வெளியே கொணர்தலே அதன் கடமை என்பாரும் உளர். ரோஷ்ஃபோரின் நடிப்பு நயமுடையது என்பதில் ஐயமில்லை. எனினும், இடம் விரிந்தபோது நோக்கு மாறிவிட்டது. முதியவரின் தடுமாற்றத்தைப் பெரும்பாலும் நாம் அருகிருந்து காண்கின்றோம். அதனுள் நாம் தடுமாறவில்லை. கதை எஞ்சியது, கதையைக் கண்ட கண் எஞ்சவில்லை.

2020இல் வெளிவந்த மற்றொரு படத்தைச் செல்லரே இயக்கினார். அவர் இயக்கிய முதற்படம் அதுவே. அவர் மாற்றியவை பல. நாடகத்தில் குடும்பம் பாரிஸில் வாழ, மகள் இலண்டனுக்குச் செல்ல முற்படுகின்றாள். படத்தில் குடும்பம் இலண்டனில் வாழ, மகள் பாரிஸுக்குச் செல்ல முற்படுகின்றாள். தந்தையின் பெயரும், நடித்த அந்தோணி ஹாப்கின்ஸின் பெயரைத் தழுவி, அந்தோணி என்றாயிற்று. இவற்றால் நாடகத்திற்கு ஊறு நேரவில்லை. ஏனெனில் நாடகம் நிகழுமிடம் நகரம் அன்று, முதியவரின் உள்ளம்.

அவர் மாற்றாதது அறை. படத்தின் பெரும்பகுதி வீட்டிற்குள்ளேயே நிகழ்கின்றது. ஆனால் மேடையிற்போல் அறை வெறுமையாவதில்லை, மாறுகின்றது. சுவரின் நிறமும் இருக்கைகளும் சிறிது சிறிதாக வேறுபடுகின்றன. தந்தையின் வீடு மகளின் வீடாகின்றது. அவ்விடைகழியே முதியோர் இல்லத்தின் இடைகழியை ஒத்திருக்கின்றது. மேடை உத்தியைப் பெயர்த்தெழுதாமல், அதன் பயனைத் திரைக்குரிய வழியில் அவர் மீண்டும் பெற்றுள்ளார்.

ஈண்டு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. மேடையில் ஒருவரே பல வேடம் புனைதலும், ஒரு வேடத்தைப் பலர் ஏற்றலும் அவையோர் உடன்படும் மரபு. ஆகவே மகள் முகம் மாறி வரும்போது, இது மரபோ மயக்கமோ என்று அவர்கள் சிறிது நேரம் ஐயுறுவர். திரையில் அவ்வையத்திற்கு இடம் குறைவு. காட்டப்படுவது உள்ளதே என்று நம்பிப் பழகிய கண், அந்நம்பிக்கை தகரும்போது நடுக்கமுறுகின்றது. அந்நடுக்கமே முதியவரின் நடுக்கம்.

2021இல் இப்படத்திற்காக ஹாப்கின்ஸ் சிறந்த நடிகருக்குரிய ஆஸ்கார் விருதையும், செல்லரும் ஹாம்ப்டனும் தழுவல் திரைக்கதைக்குரிய விருதையும் பெற்றனர். விருது மட்டும் அளவுகோலாகாது. இறுதிக் காட்சியே சான்று. முதியவர் குழந்தைபோல் தாயைத் தேடி அழும்போது, இரங்குதற்கு வேண்டிய தொலைவு நமக்கு இல்லாது போகின்றது. நாமும் அவ்வறையில் வழி தெரியாது நிற்கின்றோம்.

ஆகவே, தழுவலில் ஊரும் பெயரும் மொழியும் மாறலாம். அவையோர் எங்கு நின்று காண்கின்றனர் என்பது மாறின், பிறப்பது வேறொரு படைப்பே. ஒரு தழுவலை மதிப்பிடப் புகுவோர் கதை ஒத்துள்ளதா என்று மட்டும் நோக்குதல் போதாது. காணும் நிலை ஒத்துள்ளதா என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.