கோவூர் கிழாரும் நிலைத்த அமைதியும்

போர் தவிர்த்த புலவருள் கோவூர் கிழார் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர். அவர்தம் சிறப்பை உரைப்போர் பெரும்பாலும் புறநானூற்றின் 45ஆம் பாட்டையே காட்டுவர். உறையூரை முற்றிய நலங்கிள்ளி, உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளி ஆகிய இருவரும் ஆத்தி சூடும் சோழரே. எவர் தோற்பினும் அத்தோல்வி சோழர்குடிக்கே ஆகும் என்பது ஆண்டு அவர் கூறும் காரணம்.

இக்காரணம் அப்போரை விலக்கப் போதுமானது. நிலைத்த அமைதிக்குப் போதுமானதன்று என்பது நம் கருத்து. பனையும் வேம்பும் சூடும் சேர பாண்டியரோடு பொருவதை இது தடுக்காது. குடியொருமையின்மேல் நிற்கும் அமைதி குடியின் எல்லையோடு முடிவதாம்.

அவ்வெல்லையைக் கடக்கும் பாட்டுகள் அடுத்தே நிற்கின்றன. பகைவனாகிய மலையமானின் மக்களை யானைக்கு இடப் புகுந்த கிள்ளிவளவனிடம், மன்றத்தை மருண்டு நோக்கும் அச்சிறாரின் நிலையைக் காட்டி இரக்கம் வேண்டுகின்றார் (46). ஒற்றனென ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்த இளந்தத்தனுக்காக, புலவர் வாழ்வு பிறர்க்குத் தீங்கற்றது என வழக்குரைக்கின்றார் (47). தீங்கு செய்யாத அயலானைப் பகைவனாக நடத்துதல் தகாது என்பதே இதன் உட்கிடை. செருமானிய மெய்யியலறிஞர் காண்ட், நிலைத்த அமைதி குறித்து 1795இல் வெளியிட்ட நூலில், அமைதிக்குரிய உறுதி விதிகள் மூன்றனுள் ஒன்றாக வைத்ததும் இவ்வுரிமையே.

புலவர்க்குக் கோரிய இவ்வுரிமை ஏனை மாந்தர்க்கு விரிக்கப்படவில்லை எனின், அது மெய்யே. ஆயினும் உறவை விடுத்துத் தீங்கின்மையை அளவுகோலாகக் கொண்டமையின், 45ஆம் பாட்டினும் 47ஆம் பாட்டே அமைதிச் சிந்தனைக்கு உறுதியான தொடக்கமாகும்.