கடாரம் கொண்ட சயாம்

1943 அக்டோபரில் ஒரு வாரம். 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பர்மா பக்கமிருந்தும் சயாம் பக்கமிருந்தும் போட்டுக்கொண்டு வந்த தண்டவாளங்கள் கொன்கொய்த்தா காட்டில் ஒன்று சேர்கின்றன. 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை முடிகிறது. 21ஆம் தேதி, வியாழக்கிழமை, சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவிக்கிறார்.

இந்த இரண்டையும் நம் நாவலாசிரியர்கள் விடவில்லை. ரயில் பாதைக்கு ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', கோ. புண்ணியவானின் 'கையறு' இருக்கின்றன. இந்திய தேசிய இராணுவத்துக்கு ரெங்கசாமியின் 'இமையத் தியாகம்'. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' பாண்டியனும் போஸின் படையில் சேர்ந்தவன்தான். நடுவில் இருக்கிற 18ஆம் தேதி, திங்கட்கிழமையைத் தன் கதையாக எடுத்துக்கொண்ட நாவல்தான் இல்லை. அன்றைக்குத்தான் கெடாவே சயாமாகிப்போனது.

விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1943 ஜூலையில் ஜப்பானியப் பிரதமர் தோஜோ பாங்காக் வந்து பிபுன் சொங்க்ராமிடம் வாக்குக் கொடுத்தார். ஆகஸ்டு 20இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கும், பர்மாவிலிருந்து இரண்டு ஷான் மாநிலங்களும் தாய்லாந்துக்குப் போயின. (1939லேயே நாட்டின் பெயர் மாறிவிட்டது. நம்ம ஆட்களுக்கு இன்றுவரை சயாம்தான், நானும் அப்படியே எழுதுகிறேன்.) 1909 ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ்காரனிடம் விட்டுக்கொடுத்ததை மீட்டுக்கொண்டோம் என்பது பாங்காக்கின் கணக்கு. கெடாவுக்குச் சைபுரி என்ற பழைய சயாமியப் பெயர் திரும்ப வந்தது. நான்கு மாநிலங்களுக்கும் பொறுப்பான இராணுவ ஆணையர் அலோர் ஸ்டாரில் உட்கார்ந்தார். 1944 ஜனவரியில் தனித் தபால்தலைகூட வெளியிட்டார்கள். படம் போர் நினைவுச்சின்னம், விலை மட்டும் சென்ட்டில். தபால்தலை சேர்ப்பவர்களுக்கு அத்துப்படியான ஓர் ஆட்சி இலக்கியம் படிக்கிறவர்களுக்குத் தெரியாமல் இருப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நம் மரண ரயில் கதைகளுக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது. இங்கே தோட்டம், அங்கே சயாம். நடுவில் பாடாங் பெசார். மலாயாவிலிருந்து 75,000க்கும் மேற்பட்டோர் அந்த வழியாகப் பான்போங் பக்கம் ஏற்றிச்செல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். அதனால் சயாம் என்பது நமக்கு ஒரு நாடே இல்லை, ஆள் போய் மறைகிற ஒரு திசை. 'சயாமுக்குப் போனவரு' என்று சொன்னால் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்காது. இந்த வரைபடத்தின் பலம் எனக்குத் தெரியும். போனவர்களின் துயரத்தை அது கூர்மையாக்குகிறது. ஆனால் அதில் எல்லைக்கோடு அசையவே அசையாது. நிஜத்தில் அது அசைந்தது.

மூடா ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடலை நெருங்கும்போது அதன் வடகரை கெடா, தென்கரை அன்றைய ப்ராவின்ஸ் வெல்லஸ்லி, இன்றைய செபராங் பிறை. தென்கரை பினாங்கோடு சேர்ந்து ஜப்பானியரிடமே இருந்தது. ஆக அந்தத் திங்கட்கிழமையிலிருந்து மூடா ஆறு காகிதத்தில் ஒரு நாட்டெல்லை. ரயில் பாதையிலிருந்து தப்பித்து, காய்ச்சலும் காலில் புண்ணுமாக ஒருவன் 1944இல் சுங்கை பட்டாணிப் பக்கம் தன் லயத்துக்கு வந்து சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 'சயாம்லேர்ந்து தப்பிச்சி வந்துட்டேன்' என்பான். அவன் நிற்கிற வாசலே அப்போது சயாம். இந்தக் கொடூரமான வேடிக்கை ஒரு நாவலாசிரியனுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. புண்ணியவான் சுங்கை பட்டாணிக்காரர் என்பதால் அவர் மேல் எனக்கு உரிமையோடு ஒரு வருத்தம் உண்டு.

'அதனால தோட்டத்து ஆளுக்கு என்ன மாறிச்சு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜப்பான் படை வெளியேறவில்லை, கெம்பெத்தாய் இருந்தது. சுல்தான் இருந்தார், மலாய் அதிகாரிகள் பழைய நாற்காலிகளிலேயே இருந்தார்கள். லயத்தில் அதே மரவள்ளிக்கிழங்கு. பெரட்டில் நின்றவன் கொடி மாறியதைக் கவனித்திருக்கவே மாட்டான் என்றுகூடச் சொல்லலாம். மேலும் நம் நாவல்கள் முதியவர்களின் நினைவை நம்பி எழுந்தவை. பசி நினைவில் நிற்கும், சாவு நிற்கும், அரசாங்க உத்தரவு நிற்காது.

இந்தப் பதிலில் எனக்குப் பாதித் திருப்திதான். வாய்மொழிக்கு விசுவாசமாக இருப்பது சரி, அது நின்ற இடத்திலேயே நாவலும் நின்றுவிட வேண்டுமா? ஆண்டும் ஆளாத ஓர் அரசு, அதற்கு மேல் இன்னொரு அரசு. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதா என்ன? சயாம் இங்கே ஜப்பானுக்குக் கங்காணி வேலை பார்த்தது. பேட்டன் கங்காணியிடம், பேட்டனைக் கொடுத்தவன் பின்னால். கங்காணியின் அதிகாரத்தையும் அவனுடைய பயத்தையும் நம்மைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் யார்?

இன்னொரு விஷயம், 'சயாம்' என்ற சொல் கெடாவில் எல்லாருக்கும் ஒன்றல்ல. 1821இல் சயாம் படை கெடாவைப் பிடித்தபோது மக்கள் தெற்கே செபராங் பிறைக்கும் பினாங்குக்கும் ஓடினார்கள். மலாய்க்காரர்களுக்கு 1943இல் வந்தது அந்தப் பழைய படையெடுப்பின் மறுவருகை. பாலிங், சிக், பாடாங் தெராப் வட்டாரத்தில் தலைமுறைகளாக இருக்கும் சயாமியக் கிராமங்களுக்கு அது சொந்த மொழி பேசும் அரசாங்கம். தமிழனுக்கோ அப்பனையும் அண்ணனையும் விழுங்கிய இடம். ஒரே சந்தையில் மூன்று பேர் நின்று 'சயாம் வந்துருச்சி' என்று சொன்னால் மூன்றும் மூன்று வாக்கியங்கள். நம் நாவல்களில் எனக்குக் கேட்பது பெரும்பாலும் மூன்றாவது குரல்தான். பக்கத்து வீட்டு மலாய்க்காரரின் 1821 நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தது 1025. ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டதைப் பேசாத தமிழ் மேடை கெடாவில் உண்டா? பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பேருந்து எடுத்துப் போய்ப் படம் பிடித்துக்கொள்கிறோம். கடாரத்தைச் சயாம் கொண்டது அதோடு ஒப்பிட்டால் நேற்று. கொண்டவன் நம்மாள் இல்லை என்பதால் விட்டுவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம்.

அதே போரில் நிலத்தைப் பங்கு போட்டது ஜப்பான் மட்டுமல்ல. 1941 மே 18இல் கையெழுத்தான ரோம் ஒப்பந்தத்தில் தால்மேஷியக் கடற்கரையின் பெரும்பகுதியை இத்தாலி தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஊர்ப்பெயர்கள் இத்தாலியமாயின. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் எல்லாம் சரிந்தது. அந்தக் கரையின் ஸாடர் நகரம் முதல் உலகப்போருக்குப் பிறகே இத்தாலியிடம் போன ஊர். அங்கே பிறந்த வ்லாதன் தெஸ்னிட்சா 1950இல் 'குளிர்காலக் கோடை விடுமுறை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நாவல் வெளியிட்டார். குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்து ஆட்கள் சிலர் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்த் தங்குகிறார்கள், அவ்வளவுதான். கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியாத இரண்டு கூட்டம் ஒரே கூரைக்குக் கீழே காத்திருக்கிறது. போர்க்களத்துக்கு யாரும் போக வேண்டியிருக்கவில்லை.

நம்மிடமும் அப்படி இருந்த இடத்திலேயே இருந்தவர்கள் உண்டு. பெண்கள், கிழவர்கள், பிள்ளைகள். பிரிட்டிஷ், ஜப்பான், சயாம், மறுபடி பிரிட்டிஷ் என்று நாலு வருஷத்துக்குள் நாலு ஆட்சி பார்த்தவர்கள். 1947 தொடக்கத்தில் பீடோங் பக்கம் கள்ளுக்கடைக்கு எதிராகத் தொண்டர் படை திரண்டது, ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் பெயர் அப்போதுதான் பரவியது. அந்தப் படையின் அணிநடையில் போஸின் இராணுவப் பயிற்சி தெரிகிறது என்பார்கள், சரிதான். ஆனால் பயிற்சிக்கே போகாதவர்களும் அதில் நடந்தார்களே. துரை என்பவனை இன்னொருவனுக்குத் தூக்கிக் கொடுக்க முடியும், தோட்டம் அப்படியேதான் இருக்கும் என்பதை அவர்கள் எந்த நாளில் கண்டுகொண்டார்கள்?

ரெங்கசாமி 'லங்காட் நதிக்கரை'யில் தன் ஆற்றோரத்திலிருந்தே ஜப்பான் காலத்தையும் அதற்குப் பின் வந்த கம்யூனிஸ்டு நெருக்கடியையும் எழுதினார். மூடா நதிக்கரைக்கும் அப்படி ஒரு நாவல் வேண்டும். திங்கட்கிழமை காலைப் பெரட்டு முடிந்து கிராணி செக்ரோல் புத்தகத்தைத் திறக்கிறார். முந்தின நாள் வரை ஜப்பான் கணக்கில் ஆண்டு 2603. சயாம் கணக்கில் அது 2486. பழகிய கை 1943 என்று எழுதப் பார்க்கிறது. பேனாவைப் பிடித்தபடி அவர் வெளியே, பால்வாளிகளோடு போய்க்கொண்டிருக்கிற வரிசையைப் பார்க்கிறார்.