விரலுக்கு வேலை தரும் மணிக்கோவை

மட்டக்களப்பு நகரக் கடைகளில் பற்றரியில் பாடும் விளையாட்டுப் பொருள்களுக்குத்தான் முன்வரிசை. பொத்தானை ஒருக்கா அமத்தினால் போதும். மிச்சத்தை அதுவே ஆடிப் பாடி முடித்துவிடும். பிள்ளையின் விரலுக்கு அதில் வேலை இல்லை. அதனால் மூன்றரை வயதுப் பெறாமகளுக்கு மரமணிக் கோவைப் பெட்டி ஒன்று வாங்கினேன்.

வட்டம், சதுரம், உருளை என்று மணிகள். கோர்க்க ஒரு தடித்த கயிறு, அதன் முனையில் சிறு மரக்குச்சி. ஒரு கை மணியைப் பிடிக்க, மறு கை குச்சியைத் துளைக்குள் விடவேண்டும். பிறகு கைமாற்றி மறுபக்கத்தால் இழுக்கவேண்டும். இந்தக் கைமாற்றத்தில்தான் பயன் முழுக்க இருக்கிறது. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நுள்ளி எடுக்கும் பிடி 9, 10 மாதமளவில் வந்துவிடும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்வது அதற்குப் பிறகு மெல்லமெல்லப் படிவது. சட்டைப் பொத்தான் பூட்டவும் கத்தரிக்கோல் பிடிக்கவும் அது வேண்டும். முதலில் குச்சி நழுவ நழுவ எரிச்சலில் எறிந்தாள். "விடாதீங்க மகள், இன்னொருக்கா கோருங்க" என்று அம்மம்மா எடுத்துக் கொடுத்தா. இப்போது தானே நிறம் பார்த்துக் கோர்க்கிறாள்.

குறையும் உண்டு. குச்சி கயிற்றிலிருந்து கழன்றது. இறுக்கி ஒட்டவேண்டி வந்தது. சில மணிகள் மிகச் சிறியவை. 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆகாது என்பது பல நாடுகளின் பாதுகாப்பு அளவுகோல். தொண்டையில் சிக்கும்.

அந்த வயதுக்கு 1969இல் வந்த லெகோ டூப்லோ நல்லது. சாதாரண லெகோ கட்டையைவிட நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்கு. அழுத்திப் பொருத்தவும் இழுத்துப் பிரிக்கவும் விரலில் பலம் ஏறும். விலைதான் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பெரும் பாரம்.

நான்கு வயதானால் காசே தேவையில்லை. மட்டக்களப்பில் பன்பாய் இழைக்கும் பெண்களின் விரல் வேகத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே மேல்-கீழ்ப் பின்னலை அகலமான தென்னோலைக் கீற்றில் பிள்ளைக்குப் பழக்கலாம். ஈர்க்கை உரித்துவிட்டுக் கொடுங்கள். அது கையைக் குத்தும்.

மணிக்கோவையை மூன்று வயது தாண்டிய பிள்ளைக்குத் தயங்காமல் வாங்கலாம். கயிற்றைக் கழுத்தில் போட விடாதீர்கள், பக்கத்தில் இருந்து பாருங்கள். வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால் விளையாடி முடிந்ததும் மணிகளை எண்ணிப் பெட்டிக்குள் வையுங்கள்.