முதன்மை யாருக்கு உரியது?

மிக உயர்ந்த நிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் 'பிரீ-எமினென்ஸ்' என்பதும் ஒன்று. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் அரசர் திருப்புதலில் இச்சொல் மூன்றே இடங்களில் காணப்படுகிறது. மிருகத்தைவிட மனிதனுக்கு அது இல்லை என்று பிரசங்கி 3:19 மறுக்கிறது. கொலோசெயர் 1:18 அதைக் கிறிஸ்துவுக்கு உரியதாக்குகிறது. 3 யோவான் 9இல் தியோத்திரேப்பு அதை விரும்புகிறான்.

இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. பிரசங்கியில் உள்ள எபிரெயச் சொல் 'மோத்தார்' என்பது. மிகுதி, இலாபம் என்பதே அதன் பொருள். நீதிமொழிகள் 14:23இல் பிரயாசத்தின் பலனைக் குறிப்பதும் அதுவே. மற்ற இரண்டு இடங்களோ கிரேக்க மூலத்திலேயே உறவுடையவை. கொலோசெயரில் 'புரோத்தெயுவோன்', யோவானில் அதனோடு விருப்பத்தைக் குறிக்கும் முன்னொட்டுச் சேர்ந்த 'பிலோபுரோத்தெயுவோன்'. புதிய ஏற்பாட்டில் ஒவ்வொன்றும் ஒரு முறையே வருகிறது. இலத்தீன் வுல்காத்தாவும் ஈரிடத்திலும் 'பிரிமாத்துஸ்' என்னும் ஒரே சொல்லையே ஆண்டது.

ஆங்கிலச் சொல்லில் ஒரு குறை உண்டு. அதன் இலத்தீன் வேர், மற்றவற்றுக்கு மேலாக உயர்ந்து நிற்பதைக் காட்டுகிறது. கிரேக்கச் சொல்லின் வேரோ 'முதல்' என்பது. கிறிஸ்துவை ஆதி என்றும், மரித்தோரிலிருந்து எழுந்த முதற்பேறு என்றும் கூறிய பின்னரே அப்போஸ்தலன் இச்சொல்லை வைக்கிறார். ஆகவே இம்முதன்மை மரணத்தினூடே சென்று பெற்றது. உயரத்தைக் காட்டும் ஆங்கிலச் சொல் அந்த வழியைக் காட்டுவதில்லை.

எனினும் இரு வசனங்களின் உறவை அது காத்தது. 1973இல் புதிய ஏற்பாடாக வெளிவந்த என்.ஐ.வி. திருப்புதலோ கிறிஸ்துவுக்குச் 'சுப்ரிமசி' என்னும் சொல்லை வழங்கி, தியோத்திரேப்புவை முதலாவதாயிருக்க விரும்புகிறவன் என்று வேறு சொற்களால் கூறுகிறது. நடை தெளிவானதே, ஆனால் ஆங்கிலத்தில் மட்டும் வாசிப்பவன் உறவைக் காணான். நம் சபைகளில் வழங்கும் பவர் திருப்புதலில் 'முதல்வர்', 'முதன்மை' என்னும் சொற்கள் வேரையும் உறவையும் ஒருங்கே காத்திருப்பது போற்றற்குரியது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தியோத்திரேப்பு துர்ப்போதகம் செய்தான் என்று நிருபம் கூறவில்லை. அவன் மூப்பரை ஏற்கவில்லை, சகோதரரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, சேர்த்துக்கொள்ள மனதுள்ளவர்களைச் சபைக்குப் புறம்பாக்கினான். உபதேசத்தில் பிழையில்லாத ஊழியனும் இப்பாவத்தில் விழக்கூடும். அவன் விரும்பியது காலியான ஆசனமன்று. சபையின் தலையானவர் ஏற்கெனவே வீற்றிருக்கும் ஆசனம். சபையில் தலைமைப் பொறுப்பேற்கும் எவரும் இவ்விரு வசனங்களையும் சேர்த்தே வாசித்தல் நலம்.