கண்ணகி கோட்டத்தை ரசிப்பது எப்படி?

தேனி மாவட்டத்துத் தேவாரம் ஊரிலிருந்து கம்பம், கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் போய் நிமிர்ந்து பார்த்தால் தமிழக-கேரள எல்லை மலை தெரியும். அதன்மேல், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோட்டம். பெரியாறு புலிகள் காப்பகக் காட்டுப் பகுதி என்பதால் ஆண்டில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் அனுமதி. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. கிடைக்கிற அந்த ஒரு நாளை, வரிசையில் நின்று கும்பிட்டு இறங்குவதோடு முடித்துவிடாதீர்கள். கதை, காடு, கல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கோட்டம் முழுசாகப் பிடிபடும்.

போவதற்கு முன்: சிலப்பதிகாரத்தில் குன்றக் குரவையும் காட்சிக் காதையும் படித்துவிடுங்கள். மதுரை எரிந்தபின் வையைக் கரையோடு மேற்கே நடந்த கண்ணகி, மலையேறி வேங்கை நிழலில் நிற்கிறாள். அவள் விண்ணேறியதைக் கண்டவர்கள் குறவர்கள். பேரியாற்றங்கரைக்கு வந்த சேரன் செங்குட்டுவனிடம் அதைச் சொன்னவர்களும் அவர்களே. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் காவியம் காட்டிய வழியிலேயே தேடி வந்து, 1963இல் இந்தக் கோயிலைக் கண்ணகி கோட்டமாக அடையாளம் காட்டினார்.

போகும்போது: குமுளியிலிருந்து ஜீப் உண்டு. காலில் தெம்பிருந்தால் பளியங்குடி வழியாக ஏறுங்கள். ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். அவசரப்படாமல் நின்று நின்று போங்கள். மேலே போகப்போக மரங்கள் விலகிப் புல்மேடு விரியும்.

கோயிலில்: முதலில் வெளியே ஒரு சுற்று வாருங்கள். பெரிய பெரிய கற்களை அடுக்கிய மதில், சிதைந்த கருங்கல் சன்னதிகள். பாண்டியர் கலைமரபு என்பார்கள். சுண்ணாம்பில்லாமல் கல்மேல் கல் உட்கார்ந்திருக்கும் பொருத்தை உற்றுப் பாருங்கள். எங்கே உளி வழவழப்பாக இழைத்திருக்கிறது, எங்கே கல்லைக் கரடாகவே விட்டிருக்கிறது என்று தேடுங்கள். சாய்ந்து விழும் காலை வெயிலில் கல்வெட்டு எழுத்துகள் எடுப்பாகத் தெரியும். சீக்கிரம் போவது நல்லது.

பிறகு தமிழகப் பக்கம் திரும்புங்கள். கம்பம் பள்ளத்தாக்கு வயலும் தோப்புமாகக் கீழே கிடக்கும். இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாயும் தண்ணீர், 1895இல் திறந்த முல்லைப்பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வருவது. பெரியாறு காப்பகக் காடு பிடித்துவைத்த மழைதான் அது.

பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகாதீர்கள். கல்லில் பெயர் கிறுக்காதீர்கள்.

சரிந்த கோயிலைச் சீரமைக்க வேண்டும் என்பது பல ஆண்டுக் கோரிக்கை. கட்டாயம் நடக்க வேண்டும். ஆனால் சிமென்ட் பூச்சும் பெயின்டும் ஏறாமல், தொல்லியல் முறைப்படி நடக்க வேண்டும். பழங்கல்லின் அழகைக் கண்ணாரக் கண்டு பழகியவர்கள் நம்மில் பெருகினால்தான், அப்படிச் செய்யுங்கள் என்று உரத்துக் கேட்க ஆளிருக்கும்.